வகுப்பறையில் டேப்லெட்: புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் டேப்லெட் இப்போது அரிய பொருளாக இல்லை. 2018இல் புதிய பாடநூல்கள் வந்தபோதே பக்கங்களில் க்யூஆர் குறியீடுகள் அச்சாகிவிட்டன. 2024இல் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு அரசே டேப்லெட் வழங்கியது. ஆனாலும் பல பள்ளிகளில் காலை வருகைப் பதிவுக்கும் எமிஸ் என்ற பள்ளித் தகவல் தளத்தின் வேலைகளுக்கும் மட்டுமே அதைத் திறக்கிறார்கள். பாடம் நடக்கும் நேரமெல்லாம் அது மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அதைப் பாடத்துக்குள் கொண்டுவர ஆசைப்பட்டும் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நிற்கும் ஆசிரியருக்காக இதை எழுதுகிறேன். ஒரே ஒரு டேப்லெட் இருந்தாலும் தொடங்கலாம். நான்கைந்து இருந்தால் இன்னும் நன்றாக நடக்கும்.

தொடங்கும் முன் இரண்டு ஆய்வுகளைத் தெரிந்துகொள்வது நல்லது. பெரு நாட்டில் ‘குழந்தைக்கு ஒரு மடிக்கணினி’ என்ற திட்டத்தில் கிராமப்புறக் குழந்தைகளுக்குக் கணினிகள் கொடுத்தார்கள். 300க்கும் மேற்பட்ட பள்ளிகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், கணக்கிலும் மொழியிலும் குழந்தைகள் முன்னேறியதற்குச் சான்று கிடைக்கவில்லை. டெல்லியில் அரசுப் பள்ளி மாணவர்களிடம் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைச் சோதித்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில் நாலரை மாதங்களிலேயே கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. அந்த மென்பொருள் ஒவ்வொரு குழந்தையும் இருக்கும் நிலையைக் கண்டு அங்கிருந்தே பயிற்சி கொடுத்தது. மேலும் தினமும் 45 நிமிடம் திரையில் பயின்றால், அடுத்த 45 நிமிடம் சிறு குழுவாக ஓர் ஆசிரியருடன் உட்கார்ந்தார்கள். கருவியைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டால் ஒன்றும் நடக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த நம்பிக்கையிலிருந்து வருவதுதான்.

முதலில் பாடக்குறிப்பேடு, பிறகு செயலி

புதியவர்கள் பெரும்பாலும் ‘சிறந்த கல்விச் செயலிகள்’ என்று தேடி, இருபது செயலிகளை இறக்கிவிட்டு, எதை எந்தப் பாடத்தில் புகுத்துவது என்று யோசிக்கிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். வரும் வாரத்துக்கான பாடக்குறிப்பேட்டைத் திறந்து, கரும்பலகையும் புத்தகமும் திணறும் இடங்களை மட்டும் பென்சிலால் குறியுங்கள். வேகமாக நடந்து முடிந்துவிடுவது, நாள்கணக்கில் மெதுவாக நடப்பது, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது, கையால் செய்து பார்த்தால் ஆபத்தானது, குரலோடு தொடர்புடையது என்று ஐந்தாறு வகை தேறும். ஒரு வாரத்தில் இரண்டு இடம் கிடைத்தால் போதும். அந்த இரண்டு இடத்திலும் பத்து அல்லது பதினைந்து நிமிடங்களுக்கு மட்டும் டேப்லெட் வெளியே வரட்டும். மீதி நேரம் சுண்ணக்கட்டியும் நோட்டும் உங்கள் குரலும் பார்த்துக்கொள்ளும்.

முந்தைய நாள் மாலை செய்ய வேண்டியவை

வகுப்பில் டேப்லெட் காலை வாரிவிடுவதற்கு முக்கால்வாசிக் காரணம் முன் தயாரிப்பு இல்லாததுதான். பாடம் தொடங்கிய பிறகு செயலி புதுப்பிப்புக் கேட்கும்; கடவுச்சொல் கேட்கும்; சேமிப்பிடம் நிரம்பிவிட்டது என்று சொல்லும். நாற்பது குழந்தைகள் காத்திருக்கும்போது இவற்றைச் சரிசெய்ய முடியாது. எனவே முந்தைய மாலையே சார்ஜ் போடுங்கள். செயலியைப் புதுப்பித்து ஒரு முறை திறந்து பாருங்கள். பிறகு விமானப் பயன்முறையைப் போட்டு மறுபடியும் திறந்து பாருங்கள். இணையம் இல்லாமலும் திறந்தால் அதை நம்பி வகுப்புக்குள் போகலாம். திறக்காவிட்டால் மாற்று ஏற்பாடு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் வைஃபை இருக்கிறது என்பதும் அந்தப் பாடவேளையில் அது வேலை செய்கிறது என்பதும் வேறு வேறு.

உங்கள் சொந்தக் கணக்கை வகுப்பு டேப்லெட்டில் வைக்காதீர்கள். பள்ளிக்கென்று ஒரு மின்னஞ்சல் கணக்குத் தொடங்கி அதைப் பயன்படுத்துங்கள். குடும்ப வாட்ஸ்அப் செய்தி ஒன்று பாடத்தின் நடுவே திரையில் குதித்தால் அன்றைய வகுப்பு அத்தோடு சிதறிவிடும். ‘தொந்தரவு செய்யாதே’ பயன்முறையும் போட்டுவிடுங்கள்.

ஆண்ட்ராய்டு டேப்லெட்டின் அமைப்புகளில், பாதுகாப்புப் பகுதியில், ஒரு செயலியைத் திரையில் ‘பின்’ செய்து நிறுத்தும் வசதி இருக்கிறது. ஐபேடிலும் இதே வேலையைச் செய்யும் அமைப்பு அணுகல்தன்மைப் பகுதியில் உண்டு. இதைப் போட்டுக் கொடுத்தால் குழந்தைகள் அந்தச் செயலியை விட்டு யூடியூப் பக்கம் போக முடியாது. எந்தச் செயலியாக இருந்தாலும் நீங்கள் முதலில் அரைமணி நேரம் மாணவராக உட்கார்ந்து அதைப் பயன்படுத்திப் பாருங்கள். நடுவில் விளம்பரம் வந்தால் நீக்கிவிடுங்கள். சூதாட்ட விளம்பரத்தை மூன்றாம் வகுப்புக் குழந்தையின் முன் காட்டும் உரிமை எந்த இலவசச் செயலிக்கும் கிடையாது.

முதல் வாரம்: கேமரா மட்டும்

புதிதாக எதையும் இறக்க வேண்டாம். டேப்லெட்டோடு வரும் கேமராவே மிகச் சிறந்த கற்றல் செயலி. இலை நரம்பமைப்புப் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு நால்வராகப் பிரித்து, பள்ளி வளாகத்தில் உள்ள இலைகளை வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் படமெடுத்து வரச் சொல்லுங்கள். சூரிய ஒளி பின்னாலிருந்து வரும்போது வேப்பிலையின் வலைப்பின்னல் நரம்பும் புல்லின் இணைப்போக்கு நரம்பும் கோடு போட்டதுபோல் தெரியும். வகுப்புக்குத் திரும்பி, படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கி, பார்த்ததை நோட்டில் பென்சிலால் வரைய வேண்டும். வரைவதை விட்டுவிடாதீர்கள். படமெடுத்தவுடன் கண் ஓய்ந்துவிடும். வரையும்போதுதான் நுனி நரம்பு எங்கே முடிகிறது என்று குழந்தை மறுபடியும் தேடும்.

மெதுவாக நடப்பவற்றுக்கும் கேமரா உதவும். ஈரப் பஞ்சில் வைத்த பச்சைப்பயறை ஒரே இடத்திலிருந்து, ஒரே நேரத்தில், தினமும் ஒரு படம் எடுத்து வந்தால் ஒரு வாரத்தில் முளைப்பின் கதை முழுதும் கிடைக்கும். டேப்லெட்டை வைக்க வேண்டிய இடத்தில் மேசை மீது சுண்ணக்கட்டியால் கோடு போட்டுவிட்டால் படங்கள் ஒன்றோடொன்று பொருந்தும்.

குரல் பதிவு: வாசிப்புக்கு இதைவிட எளிய உதவி இல்லை

தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கு நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான். டேப்லெட்டில் இருக்கும் குரல் பதிவுச் செயலியைத் திறந்து, குழந்தையை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லிப் பதிவுசெய்யுங்கள். உடனே அதைப் போட்டுக் காட்டுங்கள். அப்போது எதுவும் பேசாதீர்கள். தன் குரலைக் கேட்கும் குழந்தை ‘பள்ளி’ என்ற சொல்லை ‘பல்லி’ என்று வாசித்த இடத்தில் தானே புருவத்தைச் சுருக்கும். பெரும்பாலான குழந்தைகள் அடுத்த நொடியே ‘இன்னொரு தடவை வாசிக்கிறேன்’ என்று கேட்பார்கள். ஆசிரியர் பத்து முறை திருத்தியும் வராத ழகரம் சில குழந்தைகளுக்கு இந்த இரண்டாம் வாசிப்பில் வந்துவிடும். தவறு அவர்கள் காதிலேயே விழுந்துவிட்டதுதான் காரணம்.

பதிவின் பெயரில் குழந்தையின் பெயரைப் போடாமல் வகுப்பு, வரிசை எண், மாதம் என்று மட்டும் வையுங்கள். மாதம் ஒருமுறை, ஒரே அளவுள்ள பத்தியைக் கொடுத்துப் பதிவுசெய்யுங்கள். ஜூலைப் பதிவையும் நவம்பர்ப் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் திக்கல் எங்கே குறைந்தது, நிறுத்தற்குறியில் மூச்சு விடுகிறதா என்பது மதிப்பெண் பட்டியலைவிடத் தெளிவாகத் தெரியும். இதற்கு மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் குழந்தை பயந்துகொண்டு வாசிக்கும். பயந்த குரலிலிருந்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. இடமும் முக்கியம். வகுப்பறைக் கூச்சலில் பதிவு எடுபடாது. வராந்தாவின் ஒரு மூலையில், மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில், ஒரு நாளைக்கு ஐந்து குழந்தைகள் என்று வைத்துக்கொண்டால் இரண்டு வாரத்துக்குள் வகுப்பு முழுதும் முடிந்துவிடும்.

வாசிக்கக் கதைகள் வேண்டுமென்றால் குழந்தை நூல் பதிப்பகமான பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. யாரும் பயன்படுத்தவும் பகிரவும் இடம்தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் தயக்கமின்றி இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்பில் இருந்தாலும் முதல் நிலைக் கதையே வாசிக்க வரும் குழந்தைக்கு அதையே கொடுங்கள். வகுப்பு எண்ணைப் பார்த்துக் கதையைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை.

கணக்கும் அறிவியலும்: இழுத்துப் பார்க்கவும் அளந்து பார்க்கவும்

இங்கேதான் நல்ல செயலிகள் நிறைய இருக்கின்றன. மூன்றை மட்டும் சொல்கிறேன். மூன்றும் இலவசமாகக் கிடைப்பவை.

ஜியோஜீப்ரா வடிவியலுக்கு உரியது. அரைவட்டத்தில் அமையும் கோணம் செங்கோணம் என்ற தேற்றத்தை எடுத்துக்கொள்வோம். முதலில் தாளிலேயே வரையச் சொல்லுங்கள். கோணமானியில் ஒருவருக்கு 88 வரும், ஒருவருக்கு 91 வரும். ‘யாருடையது சரி?’ என்ற வாக்குவாதம் சூடுபிடிக்கும்போது டேப்லெட்டைக் கொடுங்கள். வட்டம், விட்டம், வட்டத்தின் மேல் ஒரு புள்ளி, அந்தப் புள்ளியில் கோணம் என வரைந்துவிட்டு, புள்ளியை விரலால் வட்டத்தைச் சுற்றி இழுக்க வேண்டும். முக்கோணம் நீண்டும் சுருங்கியும் உருமாறும். கோணம் மட்டும் 90இலேயே நிற்கும். அதன் பிறகு விட்டத்துக்குப் பதிலாக வேறொரு நாணை வைத்து இழுத்துப் பார்க்கட்டும். இப்போது என்ன மாறுகிறது, என்ன மாறவில்லை என்று அவர்களே எழுதட்டும். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: இழுத்துப் பார்த்தது நிரூபணம் ஆகாது. ‘ஏன் இப்படி?’ என்பதற்கு மறுபடியும் கரும்பலகைக்கு வந்து இருசமபக்க முக்கோணங்களைக் கொண்டு நிரூபித்தாக வேண்டும்.

ஃபெட் என்பது அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002இல் தொடங்கிய, சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்க உதவும் செயல்முறைத் தொகுப்பு. இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் தொடங்கியது. பல செயல்முறைகள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டுள்ளன. மின்சுற்று அமைக்கும் பகுதியில் மின்கலம், கம்பி, பல்பு எல்லாவற்றையும் இழுத்து இணைக்கலாம். குறுக்குச் சுற்று ஏற்பட்டால் திரையில் தீப்பற்றும். உண்மையான கம்பியில் அதைக் காட்ட நாம் துணியமாட்டோம். ஆனால் ஒரு மின்கலத்தையும் டார்ச் பல்பையும் இணைப்பதை மட்டும் கையாலேயே முதலில் செய்ய வையுங்கள். அந்த வெளிச்சம் தரும் சந்தோஷத்தைத் திரை தராது.

மூன்றாவது ஃபைஃபாக்ஸ். ஜெர்மனியின் ஆகன் நகரத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கியது. டேப்லெட்டுக்குள் ஏற்கெனவே இருக்கும் உணரிகளை அளவுகோலாக மாற்றித் தருகிறது. சோதனை செய்ய இணையம் வேண்டியதில்லை. ஒன்பதாம் வகுப்பு ஒலிப் பாடத்துக்கு இதைக் கொண்டு ஒலியின் வேகத்தையே அளந்துவிடலாம். செய்முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் குழந்தைகள் இதை நெடுநாள் மறக்கமாட்டார்கள்.

இரண்டு கருவிகள் வேண்டும். ஒன்று டேப்லெட், மற்றொன்று உங்கள் கைப்பேசியாக இருக்கலாம். இரண்டிலும் ஒலியால் ஓடி ஒலியால் நிற்கும் நிறுத்தற்கடிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். மைதானத்தில் நாடாவால் சரியாக 10 மீட்டர் அளந்து, இரு முனையிலும் ஒவ்வொன்றாக வையுங்கள். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு மாணவர் நிற்கட்டும். முதல் மாணவர் ஓங்கிக் கைதட்டுகிறார். அவர் அருகிலுள்ள கடிகாரம் உடனே ஓடத் தொடங்கும். எதிர்முனைக் கடிகாரம் ஒலி அங்கே போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடும். ஓரிரு நொடி கழித்து இரண்டாம் மாணவர் தட்டுகிறார். இப்போது அவர் பக்கக் கடிகாரம் உடனே நிற்கும். முதல் கடிகாரம் சற்றுத் தாமதித்து நிற்கும். இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரத்தின் வித்தியாசம், ஒலி 20 மீட்டர் செல்ல எடுத்த நேரம். 20ஐ அந்த வித்தியாசத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். நம் ஊர் வெயிலில் வித்தியாசம் சுமார் 0.057 நொடி வரும். வேகம் நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர். ஒரே தட்டலை நம்பாமல் ஐந்து முறை செய்து சராசரி எடுங்கள். காகம் கரைந்தாலும் கடிகாரம் ஓடிவிடும் என்பதால், எவ்வளவு உரத்த ஒலிக்கு விழித்துக்கொள்ள வேண்டும் என்ற அளவைச் செயலியிலேயே கூட்டி வையுங்கள். காலையில் ஒருமுறை, நண்பகலில் ஒருமுறை அளக்க முடிந்தால் வெப்பநிலை கூடும்போது வேகம் கூடுகிறதா என்ற கேள்வி அவர்களிடமிருந்தே வரும்.

காணொளியைக் காட்டும்போது

ஒன்றிய அரசு 2017இல் தொடங்கிய தீக்ஷா கல்வித் தளம், தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் மணற்கேணி செயலி ஆகிய இரண்டிலும் நம் பாடத்திட்டத்துக்கு ஏற்ற காணொளிகள் உள்ளன. தேவையானதை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். முழுக் காணொளியையும் ஓடவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் முறை ஒலியை அணைத்து ஓட்டி, ‘என்ன நடக்கிறது?’ என்று கேளுங்கள். இரண்டாம் முறை ஒலியோடு ஓட்டி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்.

ஒரு டேப்லெட், நாற்பது குழந்தைகள்

டேப்லெட் குறைவாக இருப்பதை நான் பெரிய குறையாக நினைப்பதில்லை. தனித்தனியாகக் கொடுத்தால் வகுப்பு மௌனமாகிவிடும். நால்வருக்கு ஒன்று கொடுத்தால் பேசத் தொடங்குவார்கள். நால்வருக்கும் வேலையைப் பிரித்துக் கொடுங்கள்: ஒருவர் திரையைத் தொடுகிறார், ஒருவர் வழிமுறையை வாசிக்கிறார், ஒருவர் நோட்டில் எழுதுகிறார், ஒருவர் நேரம் பார்த்துக்கொண்டு பிறகு வகுப்பிடம் சொல்கிறார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற வேண்டும். இந்த மாற்றத்தை நீங்கள்தான் கண்டிப்பாக நடத்த வேண்டும். இல்லாவிட்டால் வீட்டில் கைப்பேசி பழகிய பையன் கடைசிவரை திரையை விடமாட்டான். ஓரத்தில் இருக்கும் பெண் குழந்தை கடைசிவரை தொட்டிருக்கவே மாட்டாள்.

ஒரே டேப்லெட் என்றால் வகுப்பை நான்கு மூலைகளாக்குங்கள். ஒரு மூலையில் டேப்லெட், மற்றவற்றில் வாசிப்பு, கணக்கு, வரைதல் என்று சுழன்று வரட்டும். பார்வைக் குறைபாடுள்ள குழந்தை இருந்தால் சுழற்சிக்குக் காத்திருக்க வைக்காமல் கூடுதல் நேரம் கொடுங்கள். எழுத்தைப் பெரிதாக்கும் வசதியும் திரையில் உள்ளதைத் தமிழில் வாசித்துக்காட்டும் வசதியும் ஆண்ட்ராய்டின் அணுகல்தன்மை அமைப்பிலேயே உள்ளன. மற்றவர்களுக்கு டேப்லெட் ஒரு கூடுதல் உதவி. அந்தக் குழந்தைக்கு அதுவே புத்தகம்.

பாடத்தின் முடிவில் யாருக்குப் புரிந்தது என்று பார்க்க ப்ளிக்கர்ஸ் என்ற செயலி இருக்கிறது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குறியீட்டு அட்டையை அச்சிட்டுக் கொடுங்கள். விடைக்கேற்ப அட்டையைத் திருப்பிப் பிடிப்பார்கள். நீங்கள் டேப்லெட் கேமராவை வகுப்பின் மேல் ஓடவிட்டால் ஒவ்வொருவரின் விடையும் பதிவாகிவிடும். தாம் காட்டிய விடை என்ன என்று பக்கத்து மாணவருக்குத் தெரியாது என்பதால் கூச்சப்படும் குழந்தைகளும் பதில் சொல்கிறார்கள். அட்டையைப் பளபளப்பான லேமினேஷன் செய்யாதீர்கள். வெளிச்சம் பட்டால் கேமராவுக்குத் தெரியாது. குறியீட்டின் மேல் கட்டைவிரலை வைக்கக் கூடாது என்றும் முதல் நாளே பழக்குங்கள். இதற்கு இணையம் வேண்டும்.

குழந்தைகளின் படமும் குரலும்

இந்தியாவின் 2023ஆம் ஆண்டு தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிரம்பாதவர் எல்லாரும் குழந்தைகள். அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். மாணவரின் பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண் கேட்கும் செயலியை வகுப்பில் பயன்படுத்தாதீர்கள். மேலே சொன்ன வேலைகளில் ஜியோஜீப்ரா, ஃபெட், ஃபைஃபாக்ஸ் மூன்றிலும் மாணவர் கணக்கே தேவையில்லை. ப்ளிக்கர்ஸில் பெயருக்குப் பதில் வரிசை எண்ணைப் போடலாம். குழந்தைகளின் முகம் தெரியும் படங்களையும் வாசிப்புப் பதிவுகளையும் வாட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள், பாராட்டுவதற்காகக்கூட. தடுமாறி வாசித்த குரல் தெருவில் கேட்டால் அந்தக் குழந்தை மறுபடியும் வாய் திறக்காது.

முதல் மாதம் எப்படிப் போகலாம்

முதல் வாரம் கேமரா, இரண்டாம் வாரம் குரல் பதிவு, மூன்றாம் வாரம் உங்கள் பாடத்துக்கு ஏற்ற ஒரே ஒரு செயலி, நான்காம் வாரம் அதே செயலியை வேறொரு பாடத்துக்கு. அதற்கு மேல் வேண்டாம். ஒரே செயலியை மறுபடியும் பயன்படுத்தும்போதுதான் குழந்தைகளின் கவனம் பொத்தான்களை விட்டுப் பாடத்துக்கு வரும். எட்டாம் வகுப்புக்கு மேல் என்றால், மூன்றாம் வாரத்திலேயே செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியில், தமிழ் எழுத்துகளையே நேரடியாக அடிக்கும் தமிழ் 99 தட்டச்சையும் தொடங்கிவிடுங்கள். நாளுக்குப் பத்து நிமிடம் போதும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்வதற்கு முன் இதைச் செய்வது நல்லது.

ஒவ்வொரு முறை பயன்படுத்திய பிறகும் பாடக்குறிப்பேட்டின் ஓரத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: எவ்வளவு நேரம் எடுத்தது, டேப்லெட் இல்லாமல் இதே பாடத்தை இதே அளவு புரியவைத்திருக்க முடியுமா. இரண்டாவது கேள்விக்கு ‘முடியும்’ என்ற விடை மூன்று முறை வந்த செயலியை நீக்கிவிடுங்கள். மாத இறுதியில் சக ஆசிரியர் ஒருவரை உங்கள் வகுப்பில் பின்வரிசையில் உட்காரச் சொல்லி, எந்தக் குழந்தையின் கை திரையைத் தொடவே இல்லை என்று மட்டும் குறித்துத் தரச் சொல்லுங்கள். இரண்டாம் மாதத்தின் முதல் வகுப்பில் அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடமே டேப்லெட்டை முதலில் கொடுங்கள்.